உங்களுக்குத் தெரியுமா? பிலிப்பைன்ஸ் ஓட்டல் தட்டில் கோயமுத்தூர் நெல்லு!

சோறு எத்தனை தடவை கேட்டாலும் போடுவார்கள். காசு ஒரே காசுதான்! நம்ம கோவை கணபதி மெஸ் இல்லைங்க இது. பிலிப்பைன்ஸில் ‘மாங் இனாசல்’ என்ற ஓட்டல். கரியில் சுட்ட கோழித்துண்டு ஒன்று. சோற்றுக்குக் கணக்கே கிடையாது. பணியாள் சோற்று வாளியோடு மேசை மேசையாகச் சுற்றுவார். இதற்கு அந்த ஊரில் பெயர் ‘அன்லி ரைஸ்’!

அந்த ஓட்டல் பிறந்தது 2003-ல். எங்கே? இலோயிலோ நகரில் ஒரு வணிக வளாகத்தின் கார் நிறுத்துமிடத்தில்! ஏழே வருடம்தான் ஆகியிருந்தது. 2010-ல் அதன் 70 சதவீதப் பங்கை இன்னொரு நிறுவனம் வாங்கியது. விலை 300 கோடி பெசோ!

2017-ல் ஒரு பெண் செனட்டர், சர்க்கரை நோய் பெருகுகிறதே, இந்த அளவில்லாச் சோற்றுக்குத் தடை போட்டால் என்ன என்று வாய் திறந்தார். அவ்வளவுதான். நாடே பொங்கி எழுந்தது! சும்மா ஒரு யோசனைதான் சொன்னேன் என்று அவர் பின்வாங்க வேண்டியதாயிற்று. சோற்றில் கை வைத்தால் விடுவார்களா!

சரி, அந்தச் சோறு எங்கிருந்து வந்தது? இங்கேதான் நீங்கள் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கோவை நெல் ஆராய்ச்சி நிலையம். தொடங்கிய வருடம் 1912. இந்தியாவிலேயே மூத்த நெல் ஆராய்ச்சி நிலையங்களில் ஒன்று! அங்கே ஆராய்ச்சியாளர்கள் கண்ணில் பட்ட ஒரு கதிரிலிருந்து 1921-ல் ஒரு ரகம் வெளிவந்தது. பெயர் ஜிஇபி 24. மெல்லிய சன்ன அரிசி. அந்த ஜிஇபி 24-ஐ கோ 18 என்ற இன்னொரு கோவை ரகத்தோடு சேர்த்தார்கள். கிடைத்தது டிகேஎம் 6. அந்த டிகேஎம் 6 கடல் தாண்டி பிலிப்பைன்ஸ் போனது. அங்கே லோஸ் பானோஸ் ஊரில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் அதை வைத்து ஒரு புது ரகம் உருவானது. 1969-ல் வெளியிட்டார்கள்.

அதன் பெயர் என்ன தெரியுமா? ஐஆர் 20!

ஆமாம், உங்கள் தாத்தா வயலில் நட்ட அதே ஐஆர் 20! கோயமுத்தூர் பேத்தி பிலிப்பைன்ஸில் பிறந்து, திரும்பவும் நம்ம ஊருக்கே வாழ வந்திருக்கிறாள். ‘ஐஆர்’ என்ற எழுத்தைச் சொல்லாத விவசாயி தமிழ்நாட்டில் உண்டா? அது பிலிப்பைன்ஸ் நிறுவனத்தின் முத்திரை!

ஐஆர் 8 வெளிவந்தது 1966-ல். விளைச்சலைப் பார்த்து மலைத்துப்போன தமிழ்நாட்டு விவசாயி ஒருவர் தன் மகனுக்கே ‘ஐஆர்எட்டு’ என்று பெயர் வைத்துவிட்டார்!

அந்த நிறுவனத்தின் தலைமை இயக்குநர் நாற்காலியில் 1982 முதல் 1988 வரை உட்கார்ந்திருந்தவர் யார்? கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன்! அவர் வேளாண்மைப் பட்டம் படித்தது எங்கே? கோயமுத்தூர் வேளாண் கல்லூரியில்! இன்று அந்த நிறுவனத்தின் விதைக் கிடங்கில் இருக்கும் நெல் மாதிரிகள் 1,30,000-க்கு மேல்!

* * *

நெல்லுக்கு முன்பே இங்கிருந்து ஆட்களே மணிலா போயிருக்கிறார்கள்! வருடம் 1762. ஆங்கிலேயர் மணிலாவைப் பிடிக்கக் கப்பல் கிளப்பினார்கள். எந்தத் துறையிலிருந்து? மெட்ராஸிலிருந்து! கப்பலில் வெள்ளைக்காரச் சோல்ஜர்களோடு சில நூறு மெட்ராஸ் சிப்பாய்கள். அக்டோபர் 6-ம் தேதி மணிலா விழுந்தது.

1764-ல் ஆங்கிலேயர் ஊரைக் காலி செய்தார்கள். சிப்பாய்களில் பலர் கப்பல் ஏறவே இல்லை! மணிலாவுக்குக் கிழக்கே கயிந்தா என்ற ஊரில் தங்கிவிட்டார்கள். உள்ளூர்ப் பெண்களைக் கட்டினார்கள். குடும்பம் பெருகியது. அவர்கள் வம்சம் கயிந்தாவில் இன்றும் இருக்கிறது!

பிலிப்பைன்ஸ் ஓட்டலுக்குப் போனால் ‘கரே-கரே’ என்று ஒன்று மெனுவில் இருக்கும். மாட்டு வால், வாழைப்பூ, கத்தரிக்காய், தட்டைப்பயறு மாதிரி நீளக்காய் எல்லாம் போட்டு, வறுத்த நிலக்கடலையை அரைத்து ஊற்றிய கெட்டிக் குழம்பு. ஓரமாக ஒரு கரண்டி இறால் விழுது. மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் கிடைக்காத ஊரில் அந்த மெட்ராஸ் சிப்பாய்கள் கைக்குக் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றிய குழம்புதான் இது என்று ஒரு கட்சி. இல்லை, இது பம்பாங்கா மாகாணத்துச் சொத்து என்று இன்னொரு கட்சி. நான் எந்தக் கட்சி என்று கேட்கவும் வேண்டுமா!

* * *

புளித்தண்ணி. அதில் முள்ளங்கி, வெண்டைக்காய், கத்தரிக்காய், தக்காளி, பச்சை மிளகாய். நம்ம வீட்டுச் சாம்பார் என்றுதானே நினைத்தீர்கள்? இதுதான் ‘சினிகாங்’! பருப்பு மட்டும் கிடையாது. பதிலுக்கு மீனோ இறாலோ பன்றிக்கறியோ மிதக்கும். மழை பெய்தால் பிலிப்பைன்ஸ்காரர்கள் முதலில் கேட்பது இதைத்தான்!

புளி இல்லாவிட்டால்? பச்சை மாங்காய், கொய்யா, புளிச்சக்காய் என்று கையில் கிடைத்த புளிப்பைப் போட்டுக் காய்ச்சிவிடுவார்கள். எல்லாமே சினிகாங்தான்!

முருங்கைக்கீரை! அங்கே எந்தத் தெருவோரச் சாப்பாட்டுக் கடையிலும் இது இல்லாமல் நாள் ஓடாது. இஞ்சி தட்டிப் போட்ட கோழி ரசத்தில், பச்சைப் பப்பாளித் துண்டுகளோடு, இறக்கும் நேரத்தில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. பெயர் ‘தினோலா’. ஆனால் ஒன்று. முருங்கைக்காயை நாட்டின் பெரும்பகுதியில் யாரும் சீந்துவதில்லை! வடக்கே இலோகோஸ் பக்கம் மட்டும்தான் காயைச் சமைக்கிறார்கள். முருங்கை போடும் மூலனூர், அரவக்குறிச்சி விவசாயிகள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள்!

ஒரு நாட்டின் விடுதலைக் கதையில் கோழிச்சாறு வருமா? வந்திருக்கிறது! ஹோசே ரிசால் 1887-ல் வெளியிட்ட ‘நோலி மே டாங்கெரே’ நாவலில் ஒரு விருந்து. தினோலா பரிமாறுகிறார்கள். கதாநாயகனின் கிண்ணத்தில் நல்ல நல்ல துண்டுகள். அகங்காரம் பிடித்த பாதிரியார் கிண்ணத்தில் வெறும் கழுத்தும் முற்றிப்போன இறக்கையும்! பாதிரியார் முகம் சிவக்கிறது. ரிசாலை ஸ்பானிய அரசு 1896 டிசம்பர் 30-ல் சுட்டுக் கொன்றது. அந்த நாவல் இன்றும் பிலிப்பைன்ஸ் பள்ளிகளில் பாடம்!

கடலோடி மெகல்லனைக் கொன்றவனை ஓட்டலில் வறுத்துத் தருவார்கள்! பதறாதீர்கள். 1521 ஏப்ரல் 27-ல் மாக்டான் தீவுச் சண்டையில் மெகல்லனை வீழ்த்திய தலைவன் பெயர் லாபு-லாபு. அங்கே களவா மீனுக்கும் அதே பெயர்! ‘ஒரு லாபு-லாபு, நன்றாக முறுகலாக’ என்று ஆர்டர் செய்வது அங்கே சர்வ சாதாரணம்.

வெள்ளிக்கிழமையா? அப்படியானால் பச்சைப்பயறு! கத்தோலிக்கர்கள் கறி தவிர்த்துவந்த நாள் என்பதால் அங்கே சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் அன்றைக்குப் பச்சைப்பயறு வேக வைத்து, பூண்டு தாளித்து, முருங்கைக்கீரை போட்டு இறக்கும். கொங்கு வீட்டுப் பச்சைப்பயறு கடைசலுக்கும் இதற்கும் கறிவேப்பிலைதான் வித்தியாசம். அப்புறம், மேலே தூவுகிற பொரித்த பன்றித்தோல்!

* * *

கடைக்குள் எப்படி நடந்துகொள்வது? இதிலும் ஏகப்பட்ட ஆச்சரியம்!

சின்னக் கடைகளில் மெனு அட்டையே கிடையாது. வரிசையாக அலுமினியப் பாத்திரம். வருகிறவர் தானே மூடியைத் தூக்கிப் பார்ப்பார். உள்ளே எட்டிப் பார்ப்பார். பிடித்தால் விரலைக் காட்டுவார். பிடிக்காவிட்டால் மூடிவிட்டு அடுத்த பாத்திரம்! நம்ம சத்தி ரோட்டு மெஸ்ஸில் போய் இப்படி மூடியைத் தூக்கிப் பாருங்கள், அப்புறம் தெரியும் சேதி!

பரிமாறுகிறவரை எப்படிக் கூப்பிடுவது? ஆண் என்றால் ‘குயா’, அண்ணா. பெண் என்றால் ‘ஆத்தே’, அக்கா. வயசு எதுவானாலும்! கணபதியில் இருபது வயசுப் பையனையும் ‘அண்ணா, இன்னொரு கரண்டி சாம்பாருங்’ என்று கூப்பிடும் நமக்கு இதில் பாடம் எடுக்க வேண்டியதே இல்லை.

பில் வேண்டுமா? வாயே திறக்க வேண்டாம். இரண்டு கையையும் தூக்கி, விரலால் காற்றில் ஒரு செவ்வகம் வரையுங்கள். பில் வந்துவிடும்!

கத்தி வராது! மேசையில் கரண்டியும் முட்கரண்டியும் மட்டும். முட்கரண்டி தள்ளும், கரண்டி வாயில் போகும். இதற்காக ஒரு சர்வதேசத் தகராறே நடந்திருக்கிறது! 2006-ல் கனடாவின் மாண்ட்ரியல் பக்கத்துப் பள்ளி ஒன்றில், இப்படிச் சாப்பிட்ட பிலிப்பைன்ஸ் சிறுவனைக் கண்டித்தார்கள். செய்தி பரவியது. மணிலாவில் கனடா தூதரகத்தின் முன்னால் கரண்டியும் முட்கரண்டியுமாகப் போராட்டம்! 2010-ல் மனித உரிமைத் தீர்ப்பாயம் அந்தக் குடும்பத்துக்கு 17,000 டாலர் கொடுக்கச் சொன்னது. ஒரு கரண்டிக்கு!

கரண்டியும் வேண்டாம் என்றால் வாழை இலை இருக்கிறது. மேசை முழுவதும் நீளமாக இலையை விரிப்பார்கள். நடுவில் சோற்றை மலைத்தொடராகக் கொட்டுவார்கள். அதன் மேலேயே பொரித்த மீன், சுட்ட கோழி, இறால், உப்பு முட்டை, தக்காளி, மாம்பழம். தட்டே கிடையாது. எல்லோரும் சுற்றி நின்று கையால் சாப்பிட வேண்டியதுதான். நின்றுகொண்டே! ராணுவ முகாமில் அதிகாரியும் சிப்பாயும் ஒரே மேசையில் சாப்பிட்ட வழக்கம் இது. பெயர் ‘பூடுல் ஃபைட்’. இன்று பிறந்தநாள் கொண்டாட ஓட்டலில் முன்பதிவு செய்து சண்டை போடுகிறார்கள்!

காரம் போதவில்லையா, புளிப்பு போதவில்லையா, சமையல்காரரைத் திட்டாதீர்கள். மேசையில் வினிகர், சோயா சாஸ், மீன் சாறு, பறவைக்கண் மிளகாய், குட்டி எலுமிச்சை எல்லாம் இருக்கும். கிண்ணத்தில் நீங்களே கலந்துகொள்ள வேண்டும். ஒரே மேசையில் ஆறு பேர் என்றால் ஆறு விதச் சட்னி!

ஓட்டலில் கரோக்கே பாட்டுப் பெட்டி இருந்தால் ஜாக்கிரதை! ஃபிராங்க் சினாட்ராவின் ‘மை வே’ பாட்டைப் பாடாதீர்கள். அதைச் சுருதி தப்பிப் பாடியதால் தகராறு முற்றி, கொலைகளே விழுந்திருக்கின்றன! பல கடைக்காரர்கள் அந்தப் பாட்டையே பட்டியலிலிருந்து தூக்கிவிட்டார்கள். 2010-ல் ‘நியூயார்க் டைம்ஸ்’ வரைக்கும் போன சங்கதி இது.

* * *

கெட்சப் சிவப்பு. ஆனால் உள்ளே தக்காளி ஒரு சொட்டுகூட இல்லை! முழுக்க வாழைப்பழம்!

இதைக் கண்டுபிடித்தவர் மரியா ஒரோசா. அமெரிக்கா போய் வேதியியல் படித்துவிட்டு ஊர் திரும்பினார். தக்காளி அங்கே அபூர்வம். வாழையோ கொல்லைக்குக் கொல்லை. வாழைப்பழத்தை மசித்து வினிகர், சர்க்கரை, மசாலா சேர்த்தார். பழுப்பாக வந்தது. சிவப்புச் சாயம் போட்டார்கள். முடிந்தது வேலை!

அந்த அம்மாள் அதோடு நிற்கவில்லை. 700-க்கு மேற்பட்ட செய்முறைகள் அவர் பெயரில்! இரண்டாம் உலகப் போர் வந்தது. ஜப்பான் ராணுவம் மணிலாவைப் பிடித்தது. கைதிகள் பட்டினியில் வாடினார்கள். ஒரோசா சோயாவிலிருந்து சத்துமாவு செய்தார். அரிசித் தவிட்டிலிருந்து பிஸ்கட் செய்தார். மூங்கில் குழாய்க்குள் அடைத்துக் கைதிகள் முகாமுக்குள் கடத்தினார்கள்! தவிடுதான், ஆனால் பெரிபெரி நோயை விரட்டும் தவிடு. 1945 பிப்ரவரி 13-ல் மணிலாப் போரில் குண்டுச் சிதறல் பட்டு இறந்தார். மணிலாவில் அவர் பெயரில் ஒரு தெருவே இருக்கிறது. வாழைப்பழக் கெட்சப் பாட்டில் இல்லாத பிலிப்பைன்ஸ் ஓட்டல் மேசை மட்டும் இருக்காது!

அந்தக் கெட்சப்பை எதில் ஊற்றுகிறார்கள்? நூடுல்ஸ் மாதிரி இருக்கும் இத்தாலி ஸ்பகெட்டியில்! கூடவே சர்க்கரை. மேலே வட்டம் வட்டமாக வெட்டிய சாசேஜ். துருவிய சீஸ். இத்தாலிக்காரர் பார்த்தால் மயங்கி விழுவார். பிலிப்பைன்ஸ் குழந்தைக்கோ இது இல்லாமல் பிறந்தநாளே கிடையாது!

இந்த இனிப்பு ஸ்பகெட்டியை ஊருக்கு ஊர் விற்கும் கடை ‘ஜாலிபீ’. 1975-ல் கேசான் சிட்டி குபாவோ பகுதியில் திறந்த ஐஸ்கிரீம் கடை அது! ஐஸ்கிரீமை விட பர்கரைத்தான் ஜனம் அதிகம் கேட்டது. 1978-ல் பெயரும் தொழிலும் மாறின. 1981-ல் மெக்டொனால்ட்ஸ் வந்து இறங்கியது. ஜாலிபீயை அசைக்க முடியவில்லை! இன்று உள்நாட்டில் மட்டும் 1,000-க்கு மேற்பட்ட கடைகள். 2019-ல் அமெரிக்காவின் ‘காஃபி பீன் அண்ட் டீ லீஃப்’ நிறுவனத்தையே வாங்கிவிட்டது. விலை 35 கோடி டாலர்! மாங் இனாசலை வாங்கியது யார் என்று ஆரம்பத்தில் சொல்லாமல் விட்டேனே, அதுவும் இதே ஜாலிபீதான்!

* * *

காலைச் சாப்பாட்டுக்கு சாக்லேட் கஞ்சி. தொட்டுக்கொள்ளக் கருவாடு!

திரும்பவும் படியுங்கள். சாக்லேட் கஞ்சி. கருவாடு. ஒட்டும் அரிசியைக் குழைய வேக வைத்து, கொக்கோ போட்டு, பால் ஊற்றி, பக்கத்தில் பொரித்த நெத்திலிக் கருவாடு வைத்துத் தருவார்கள். பெயர் ‘சம்போராடோ’. மெக்சிகோவிலிருந்து மணிலா வரை 250 வருடம் ஓடிய கப்பல்கள் கொண்டுவந்த பழக்கம். இனிப்பும் உப்பும் மாறி மாறி நாக்கில் இறங்கும். கஞ்சிக்குக் கருவாடு சரி, அந்த சாக்லேட்டைத்தான் மனசு ஒப்பவில்லை!

இனிப்பு வேண்டாமா? ராத்திரி மிஞ்சிய சோறு இருக்கிறது. பூண்டைப் பொன்னிறமாக வறுத்து அதில் பழைய சோற்றைப் புரட்டி, மேலே ஒரு முட்டை, பக்கத்தில் ஊறவைத்த மாட்டுக்கறி. இந்தத் தட்டை மட்டுமே விற்றுப் பிழைக்கும் கடைகள் இரவு பகலாகத் திறந்திருக்கும்!

புட்டு! மூங்கில் குழாயில் மாவை அடைத்து ஆவியில் வேக வைத்து, தேங்காய்த் துருவலும் வெல்லமும் போட்டு வாழை இலையில் வைத்துத் தருகிறார்கள். கேரளாவில் இல்லை, மணிலா தேவாலய வாசலில்! கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாளும் விடியற்காலைப் பூசை முடிந்ததும் சுடச்சுட இது. நிறம் மட்டும் கத்தரிப்பூ ஊதா!

அந்த ஊரில் கிறிஸ்துமஸ் எப்போது தொடங்குகிறது? செப்டம்பர் 1-ம் தேதி! அன்றைக்கே ஓட்டலில் கிறிஸ்துமஸ் பாட்டு போட ஆரம்பித்துவிடுவார்கள்.

அரிசியை ஊறவைத்து, கல்லில் அரைத்து, புளிக்கவிட்டுத்தான் அங்கே பழைய முறையில் பலகாரத்துக்கு மாவு தயாராகும். கேட்டதும் கை பரபரக்கிறதா? பரபரக்கும்தான்! 1955-ல் வெட் கிரைண்டரை உருவாக்கியவர் கோவை சபாபதி. கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேட்டுப் பட்டறைகளில் அது பெருந்தொழிலாக வளர்ந்தது. புவிசார் குறியீடே வாங்கிய கிரைண்டர்! மணிலாப் பாட்டிகளுக்கு இதை யாராவது காட்டினால் தேவலை.

ஊதா நிற ஐஸ்கிரீம், ஊதா கேக், ஊதா அல்வா. எல்லாம் ‘ஊபே’ என்ற கிழங்கின் வேலை. உலகமே இப்போது இதன் பின்னால் ஓடுகிறது. யாழ்ப்பாணத்துக்காரரிடம் காட்டுங்கள். ‘அட, நம்ம இராசவள்ளிக்கிழங்கு!’ என்பார். அதே இனம்! தேங்காய்ப்பால் ஊற்றிக் களி கிண்டி அவர்கள் எத்தனையோ தலைமுறையாகச் சாப்பிடுகிறார்கள்!

அங்கே சீஸ் ஐஸ்கிரீம் உண்டு. தள்ளுவண்டியில். அதையும் கோனில் கேட்காமல் பன்னுக்குள் வைத்துக் கேட்பவர்கள் ஏராளம்!

ஜவ்வரிசி என்றால் நமக்குப் பாயசம். அங்கே சர்பத்! வெல்லப்பாகுத் தண்ணீரில் ஜவ்வரிசியும் கடற்பாசியும் போட்டு, ஐஸ் தட்டிக் கொடுப்பார்கள். மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் நம்ம சேலத்துக்கு அதற்காகவே 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது!

தேங்காய்? பொள்ளாச்சிக்காரர்கள் கொஞ்சம் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். பிலிப்பைன்ஸில் தென்னை மரங்கள் 30 கோடிக்கு மேல்! தேங்காய்ப்பாலில் சேப்பங்கீரையை வேக வைப்பார்கள். தேங்காய்த் தண்ணியைப் புளிக்க வைத்து வெள்ளைக் கட்டியாக்கி இனிப்பில் போடுவார்கள். 1949-ல் அங்கே ஒரு பெண் வேதியியலாளர் செய்த வேலை அது! தென்னங்கள்ளில் வினிகர். தேங்காய்ப்பாலில் மிளகாயையும் பன்றிக்கறியையும் கொதிக்க வைத்தால் ‘பிகோல் எக்ஸ்பிரஸ்’. ரயிலின் பெயரை வாங்கிய குழம்பு!

* * *

பன்றித் தலையிலிருந்து ஒரு ஊருக்கே புகழ்! பம்பாங்காவில் ஏஞ்சலஸ் சிட்டி. அப்போது பக்கத்தில் கிளார்க் அமெரிக்க விமானத் தளம் இருந்தது. அங்கே வேண்டாம் என்று ஒதுக்கிய தலைகளை ஊர்க்காரர்கள் மலிவாக வாங்கினார்கள் என்பது கதை. 1974-ல் லூசியா குனானன் என்ற அம்மாள் தன் சின்னக் கடையில் அதை வேக வைத்து, கரியில் சுட்டு, பொடிப்பொடியாக நறுக்கி, வெங்காயமும் மிளகாயும் எலுமிச்சையும் கலந்தார். பிறகு வந்தது இரும்புத் தட்டு. பழுக்கக் காய்ந்த தட்டில் சுர்ரென்று கொண்டுவந்து வைப்பார்கள், புகை முகத்தில் அடிக்கும், மேலே ஒரு பச்சை முட்டையை உடைத்து ஊற்றிக் கிளற வேண்டும். இதுதான் ‘சிசிக்’! 2017-ல் ஏஞ்சலஸ் சிட்டி இதை நகரின் பாரம்பரியச் சொத்தாகவே சட்டம் போட்டு அறிவித்தது!

வாத்து முட்டை. உள்ளே பாதி வளர்ந்த குஞ்சு. அவித்து, ஓட்டைத் தட்டி, சாற்றை உறிஞ்சி, உப்போ வினிகரோ போட்டு... போதும், நாமக்கல்காரர்கள் இதைப் படிக்கக் கூடும்!

அமெரிக்க அதிபரின் சமையலறையை ஆண்டவர் யார்? மணிலாவில் பிறந்த கிறிஸ்டெட்டா காமர்ஃபோர்ட்! வெள்ளை மாளிகைத் தலைமைச் சமையல்காரராக 2005 முதல் 2024 வரை. அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்! 2009 நவம்பரில் ஒபாமா கொடுத்த முதல் அரசு விருந்து நம் அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங்குக்கு. அந்தச் சமையலறையும் இவர் பொறுப்பில்தான்!

மிஷலின் நட்சத்திரம் வாங்கிய முதல் பிலிப்பைன்ஸ் ஓட்டல் மணிலாவில் இல்லை. சிகாகோவில்! பெயர் ‘கசாமா’. வருடம் 2022. குடியிருப்புப் பகுதியில் ஒரு கணவனும் மனைவியும் நடத்தும் கடை. பகலில் யார் வேண்டுமானாலும் வரிசையில் நின்று சாப்பிடலாம். ராத்திரி ஆனால் மேசைக்கு முன்பதிவு!

* * *

இதையெல்லாம் சாப்பிட மணிலாவுக்கே போக வேண்டுமா? வேண்டாம்!

கோவை விமான நிலையத்திலிருந்து நேராக விமானம் போகும் வெளிநாட்டு ஊர்கள் எவை? சிங்கப்பூர், ஷார்ஜா, அபுதாபி. மூன்றிலும் பிலிப்பைன்ஸ் சாப்பாட்டுக் கடை உண்டு! ஷார்ஜாவில் இறங்கி துபாய் கராமாவுக்குப் போனால் சரவண பவன் இருக்கும் அதே பேட்டையில் பிலிப்பைன்ஸ் கடைகளும் இருக்கும். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவிலிருந்து மூன்றே ரயில் நிறுத்தம் தள்ளி ஆர்ச்சர்ட். அங்கே லக்கி பிளாசா. உள்ளே ஜாலிபீ, சோறு குழம்புக் கடைகள், பிலிப்பைன்ஸ் மளிகை எல்லாம் ஒரே கட்டடத்தில்!

மணிலாவே வேண்டும் என்பவருக்கும் சேதி இருக்கிறது. 2025 ஜூன் முதல் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு 14 நாள் விசாவே வேண்டாம்! அதே வருடம் அக்டோபரில் டெல்லியிலிருந்து மணிலாவுக்கு நேரடி விமானமும் வந்துவிட்டது. தெற்கே தவாவோ நகரில் டாக்டருக்குப் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் ஏராளம். உங்கள் தெருவிலேயே ஒரு பிள்ளை இருக்கும், விசாரித்துப் பாருங்கள்!

சைவக்காரர்கள் மட்டும் உஷார். காய்கறிக் கூட்டு என்று எழுதியிருக்கும், உள்ளே இறால் விழுது போட்டிருப்பார்கள். கீரையிலும் கருவாடு ஒளிந்திருக்கும். பச்சைப்பயறையும் பன்றித்தோல் தூவாமல் தரச் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

லக்கி பிளாசாவுக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் பெண்கள் பலருக்கும் அன்றைக்குத்தான் லீவு. நிற்கக்கூட இடம் கிடைக்காது. வெள்ளிக்கிழமை மதியம் போங்கள்!